இருபது சொல்லுக்கு மூச்சு

அப்பா குளிக்கப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. கயிறு இன்னும் மாமாவின் கையில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் குளிப்பது என்றால் கடலின் அடிக்குப் போவது. சங்கு எடுக்க மூழ்குகிறவர்களைக் குளிக்கப் போகிறவர்கள் என்போம். வீட்டில் வாளித் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொள்வதற்கு மேல் கழுவுவது என்று பெயர். இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொள்வதில்லை.

முதல் நாள் மாமா வள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் வெயில் அதிகமாக இருந்ததால் கயிற்றின் நுனியை விடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது கயிறு கடலிலிருந்து புறப்பட்டு, மணலைக் கடந்து, மீன் ஏலக் கூடத்தின் ஓரமாக வந்து, தெருவைக் குறுக்கே தாண்டி, எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கும் மாமாவின் வலது கையில் முடிகிறது. பேருந்து வரும்போது நடத்துநர் இறங்கிக் கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார். பேருந்து சற்றுக் குனிந்து போகிறது.

மாமாவின் பெயர் தொபியாஸ். அம்மாவின் தம்பி. குளிக்கிறவரின் கயிற்றை அவருடைய மச்சான்தான் பிடிக்க வேண்டும். சொந்த ரத்தம் பிடித்தால் பாசத்தில் சீக்கிரம் இழுத்துவிடும். வெளியாள் பிடித்தால் பேச்சு சுவாரசியத்தில் தாமதமாக இழுப்பான். மச்சான் சரியான நேரத்தில் இழுப்பான். அக்காவின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது.

கீழே இருப்பவர் ஒரு முறை இழுத்தால், இன்னும் கயிறு விடு. இரண்டு முறை இழுத்தால், தூக்கு. மூன்று முறை இழுத்தால் முன்பெல்லாம் சுறா. பட்டியல் வந்த பிறகு அதை மாற்றிவிட்டார்கள். இப்போது மூன்று இழுப்பு என்றால், பட்டியலில் உள்ள ஒன்றைப் பார்த்துவிட்டேன்.

பட்டியல் ஏலக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அழிந்துகொண்டிருக்கும் மீன்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பார்த்தவரை மேலே தூக்க அனுமதி வேண்டும். அதைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அப்பா தினமும் மத்தியானம் மூன்று முறை இழுக்கிறார்.

எட்டு நாள் மாமா பொறுத்தார். ஒன்பதாம் நாள் காலையில் கயிற்றைக் காதில் வைத்துக் கேட்டார். மூச்சு சன்னமாகிவிட்டது என்றார். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டேன்.

"நாள் கணக்கு இல்ல பிள்ள. சொல்லுக் கணக்கு. இருபது சொல்லுக்கு இருக்கு. மேல ஏற ஒண்ணு வேணும். மிச்சம் பத்தொம்பது."

தன்னால் கயிற்றை விட்டு எழ முடியாது, நான் படித்த பிள்ளை, நான்தான் அனுமதி வாங்கி வர வேண்டும் என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். என் குரல் சின்னது. ஒருநாள் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டபோது உள்ளேன் ஐயா என்றேன். ஆசிரியருக்குக் கேட்கவில்லை. வரவில்லை என்று குறித்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. நாற்பத்தொரு நாள் நான் இரண்டாவது பெஞ்சில் இருந்தேன், பதிவேட்டில் இல்லை. நாற்பத்திரண்டாம் நாள் பெயரை அடித்துவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அதனால் இன்னும் தினமும் காலையில் பையோடு கிளம்புகிறேன்.

நகரத்தில் அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் ஒரே ஒரு மேசை இருந்தது. மேசைக்கு மேலே மின்விசிறி பெரிய சத்தத்தோடு ஓடியது. மேசையில் சிவகாமி, எழுத்தர் என்று பலகை இருந்தது. மேற்கேயிருந்து, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தவர். முகத்தில் அன்பு இருந்தது.

"சொல்லு கண்ணு. யாருக்கு அனுமதி?"

"அப்பாவுக்கு."

மூன்றாவது தடவையில் அவருக்குக் கேட்டது. அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"குளிக்கப் போயிருக்காவ."

அவர் எழுதினார். எழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. குளிக்கிறார் என்று இருந்தது.

எவ்வளவு நேரமாக என்று கேட்டார். ஒன்பது நாளாக என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ற அப்பாவும் நெம்ப நேரம் தண்ணி வாத்துக்குவாருங் கண்ணு. ஒம்பது நாளெல்லாம் இல்ல."

தவறு எனக்குப் புரிந்தது. கடலில் என்ற ஒரு சொல் போதும். சொன்னேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முத்திரையை எடுத்து இரண்டு இடத்தில் குத்தினார். இன்னொரு தடவை சொல்வதற்குள் அலமாரியைத் திறந்து ஒரு துண்டும் ஒரு பாக்கெட் சீயக்காய்த் தூளும் எடுத்து வைத்தார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிய இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கயிறு கடல் பக்கம் போகவில்லை. தெருமுனையில் திரும்பி நகரத்துக்குப் போயிருந்தது. மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அத்தான எடம் மாத்திட்டாவ. நீ என்ன எழுதிக் குடுத்த?"

நான் எழுதவில்லை, அவர்கள் எழுதினார்கள் என்றேன். மாமா காதைக் கையால் மடக்கிக்கொண்டு என்ன என்றார். துண்டைக் காட்டினேன்.  அம்மா அப்பாவின் சோற்றை ஒன்பதாவது நாளாக மூடி வைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் பின்னால் நடந்தோம்.

கயிறு அலுவலகத்தின் படியேறி, சிவகாமி அம்மாவின் மேசைக்குக் கீழே புகுந்து, பின்பக்கத்து நடைவழிக்குள் போனது. இருபுறமும் குளியலறைகளின் தகரக் கதவுகள். ஒவ்வொன்றிலும் எண். முதல் கதவிலிருந்து இரண்டாம் கதவுக்கு நான்கு எட்டு நடை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் பதினாறு. ஏழாம் கதவைத் தாண்டும்போது மாமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஓய்வெடுத்தார். எட்டாம் கதவுக்கு வெளியே ஒரு மர நாற்காலி இருந்தது. அதன் காலில் பழைய கயிறு ஒன்று கட்டியிருந்தது. கதவுக்குக் கீழே போயிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. அசையாத கயிறு அது. மாமா அதைப் பார்க்காமல் நடந்தார்.

பதினான்காம் கதவுக்கு வந்தபோது என் செருப்பு தேய்ந்து மெலிந்திருந்தது.

கதவுக்குக் கீழிருந்து உப்புத் தண்ணீர் கசிந்தது. மாமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கயிற்றைக் காதில் வைத்துக் கேட்டார். மூச்சு குறையவில்லை, இருபது அப்படியே இருக்கிறது என்றார்.

கதவில் வாயை வைத்து அப்பா என்றேன்.

"என்ன?"

கதவின் இடுக்கு வழியாக ஒரு குமிழி வந்து உடைந்தது. மாமா ஒரு விரலை மடக்கினார்.

நான்தான் என்றேன்.

"யாரு?"

இன்னொரு குமிழி.

"ரெண்டு போச்சு," என்றார் மாமா. "சத்தமாப் பேசு. இல்லன்னா பேசாத. அத்தான அநியாயமாக் கொன்னுறாத."

நான் தகரத்தைக் கையால் தட்டினேன். என் தட்டு அப்பாவுக்குத் தெரியும்.  பிறகு ஏழு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"வேளா இருக்கு மெற்றி. ஒண்ணுதான். கண்ண எடுத்தா இருக்காது."

மெற்றில்டா என் பெயர்.

வேளா என்பது ரம்பம் போன்ற கொம்பை முகத்தில் வைத்திருக்கும் மீன். நான் கொம்பை மட்டும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில், கெபி என்னும் குகை மாடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒன்று தொங்குகிறது. இடது பக்கம் பத்தொன்பது பல். வலது பக்கம் பதினெட்டு. வலது பக்கம் ஏழாவது இடம் காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் நீளும்போது எண்ணுவேன்.

மேலே வாருங்கள் என்றேன்.

"என்ன?"

மாமா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். பத்து விரல்களும் மடங்கியிருந்தன. என்னை அங்கிருந்து போகச் சொன்னார்.

திரும்பும்போது நடைவழி நான்கு எட்டில் முடிந்தது.

சிவகாமி அம்மாவிடம் பேசுவதை விட்டுவிட்டு ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்பா கடலில் குளிக்கிறார். வேளாவைப் பார்க்கிறார். கண்ணை எடுக்க முடியவில்லை. மூச்சு தீர்கிறது. சிவகாமி அம்மா இரண்டு முறை படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு திருத்தம் குளிக்கிறவரே நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் செல்லும் என்றார்.

வேளா என்ற சொல்லைப் பார்த்ததும் வேறொரு பதிவேட்டை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் இருந்ததைப் போலவே நீல அட்டை. வேளா என்ற வரிக்கு நேராக ஒன்று என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், பார்வையில் உள்ளது.

"பாத்துட்டு இருக்கறதுக்கு ஆள் இருந்தாத்தான் ஒண்ணு. உங்கப்பா கண்ணெடுத்தாருன்னா பேர அடிச்சுருவோம். அடிச்சா அடிச்சதுதான் கண்ணு."

அடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், ஒரே கோடு.

அப்பாவை எப்படி வெளியே எடுப்பது என்று எழுதிக் கேட்டேன். வேறொருவர் உள்ளே போய்ப் பார்க்கத் தொடங்கினால் அவர் வரலாம் என்றார். மாமா போக முடியாது, கயிற்றில் இருக்கிறார் என்று எழுதினேன். அவர் தலையசைத்தார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் பெண்கள் குளிப்பதில்லை. மேல் மட்டும் கழுவுவார்கள். ஆனால் அது குளியலறை. குளியலறைக்குள் பெண்கள் போகத் தடை இல்லை. என் பெயரை எழுதினேன்.

மீண்டும் பதினான்காம் கதவுக்குப் போனேன். காகிதத்தில் எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். படிக்க வேண்டுமென்றால் அப்பா கண்ணை எடுக்க வேண்டும். அதனால் பேசினேன். கழுத்து நரம்பு வலிக்கும் அளவுக்குச் சத்தமாக, நான் உள்ளே வருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன்.

"வேண்டாம். நீ வராத."

மூன்று குமிழிகள். நான் கதவிலிருந்து நகரவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"படிக்கப் போ."

மாமா மடக்க விரல் இல்லாமல் பத்தின் மேல் ஐந்து என்று முனகினார்.

என் பெயரை அடித்துவிட்டார்கள் என்றேன். இது வழக்கம்போல் மெதுவாக வந்தது.

"என்ன?"

பதினாறு. மாமா நாற்காலியில் இருந்தபடியே என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்கு அப்போதுதான் கேட்டிருந்தது. நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"பேர அடிச்சிட்டாவப்பா. அங்க நான் இல்ல."

 மாமா கயிற்றைக் காதில் வைத்தார். இருக்கிறார், யோசிக்கிறார் என்றார். நடைவழியில் எங்கோ ஒரு குழாய் சொட்டியது. பிறகு இரண்டு வந்தன. மெல்ல வந்தன.

"உனக்குக் கயிறு?"

 எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் மேலே வராவிட்டால் யாருடைய தாலியும் போகாது. சரியான நேரத்தில் இழுக்கக்கூடிய ஆள் எனக்கு யாரும் இல்லை. அப்பா பிடிக்கக் கூடாது. பாசத்தில் உடனே இழுத்துவிடுவார், வேளாவை அடித்துவிடுவார்கள். மாமாவும் சொந்த ரத்தம்தான்.

பதினெட்டு போயிருந்தது. ஏறுவதற்கு ஒன்று. பேசுவதற்கு ஒன்று.

சிவகாமி அம்மா வந்து சேர்ந்தார். ஒரு கோப்பும் பதினான்கு என்று எழுதிய இரும்பு வாளியும் கொண்டு வந்திருந்தார். குளிக்கிறவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். இங்கே கல் கிடையாது, வாளிதான் என்றார். வாளியில் தண்ணீர் நிரப்பி என் கணுக்காலில் கட்டினார். என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டினார். அதன் மறு நுனியைக் கோப்புக்குள் வைத்து, நாடாவைச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டார்.

"இனி இது பத்திரமா அலமாரில இருக்கும். உங்கப்பா கயித்த இழுத்து ஆஜர் சொன்னாரு. உனக்குக் கோப்புல கயிறுங்கறதால வாயாலதான் சொல்லோணும். தெனமும் பத்தரைக்குக் கூப்புடுவேன். மூணு நாள் சத்தம் வரலீன்னா ரெண்டு பேரையும் அடிச்சுருவோம்."

ரெண்டு பேர் என்றால் நானும் வேளாவும்.

மாமா என் தலையில் கையை வைத்தார். வலது கையில் கயிறு இருந்ததால் இடது கையை வைத்தார். அதற்காக மன்னிக்கச் சொன்னார்.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. முதல் படியில் தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. இரண்டாம் படி இல்லை. வாளி என்னை இழுத்துக்கொண்டு போனது.

கீழே ட்யூப்லைட் வெளிச்சம் இருந்தது. அப்பா மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளில் தாடி வளரவில்லை. கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன. சங்குப் பை தோளில் காலியாக மிதந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியாது.

அவருக்கு எதிரே அது இருந்தது. எங்கள் வள்ளத்தைவிட நீளம். மணலின் நிறம். உடம்பில் பாதி மணலுக்குள் புதைந்திருந்தது. கொம்பு மட்டும் சற்று மேலே தூக்கியிருந்தது. இடது பக்கம் பத்தொன்பது. வலது பக்கம் பதினெட்டு. ஏழாவது இடம் காலி. செவுள் திறந்து மூடியது. வேறு எதுவும் செய்யவில்லை. பார்க்கப்பட்டுக் களைத்துப்போன முகம் அதற்கு.

நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தோளில் என் தோள் பட்டது. அவர் பார்க்கும் இடத்தில் என் கண்ணை வைத்தேன்.

"பாத்துட்டியா?"

பத்தொன்பது.

நான் எப்போதும் சொல்வது போலச் சொன்னால் அவர் என்ன என்று கேட்பார். கேட்டால் ஏறுவதற்கு மூச்சு இருக்காது. வாயைத் திறந்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே போனது.

"பாத்துட்டேன்."

மணல் எழும்பி அடங்கியது. வேளாவின் துடுப்பு ஒருமுறை நடுங்கியது. அந்தச் சத்தத்தில் அலுவலகத்து மின்விசிறி நின்றுவிட்டதாக அப்பா பிறகு சொன்னார்.

அப்பா கயிற்றை இரண்டு முறை இழுத்தார். மாமா சரியான நேரத்தில் இழுத்தார். என் கண்ணின் ஓரத்தில் அவருடைய பாதங்கள் மேலே போயின. போகும்போது அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் வேளாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு வெளியே பேச்சு கேட்டது. தலையை நன்றாகத் துவட்டச் சொல்லி சிவகாமி அம்மா துண்டைக் கொடுத்தார். குளித்து முடித்துவிட்டார் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சீயக்காய்த் தூள் பாக்கெட் பிரிக்கப்படாததால் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்பா திருத்தம் எழுதிக் கொடுத்தார். இப்போது குளிப்பது அவர் இல்லை என்பதால் அது செல்லவில்லை.

மாமா வீட்டுக்குப் போய்விட்டார். நாற்காலியை அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போனார்.

அப்பா தினமும் மத்தியானம் வந்து உட்காருகிறார். இப்போது அவரிடம் சொற்கள் எத்தனையோ இருக்கின்றன. தெருவில் கயிறு இல்லை, பேருந்து நிமிர்ந்து போகிறது என்று சொன்னார். அம்மா ஒன்பது நாள் சோற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக வடித்ததைச் சொன்னார். என் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயரை மறுபடி எழுதச் சொல்லிக் கேட்டாராம். அதற்கு நான் நேரில் வர வேண்டுமாம்.

"கேக்குதா மெற்றி?" என்கிறார்.

நான் பதில் சொல்வதில்லை. அவர் தகரத்தில் காதை வைப்பது தெரிகிறது.

"என்ன?" என்கிறார்.



எனக்கு இன்னும் எத்தனை சொல் மிச்சம் என்று தெரியாது. கேட்டுச் சொல்லக் கயிற்றில் ஆள் இல்லை. என் கயிறு அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது.

பத்தரைக்கு சிவகாமி அம்மா மேசையிலிருந்தே கூப்பிடுகிறார். நடைவழி இப்போது இன்னும் நீளமாகியிருக்க வேண்டும். குரல் வந்து சேர நேரமாகிறது. முதல் நாள் உள்ளேன் அம்மா என்றேன். அது இரண்டு சொல். மறுநாளிலிருந்து அம்மாவை விட்டுவிட்டேன். மரியாதைக் குறைவுதான். மெதுவாகச் சொன்னால் மூச்சு கொஞ்சம் மிஞ்சும். மெதுவாகச் சொன்னால் கேட்காது.

மின்விசிறியைப் பழுது பார்த்துவிட்டார்கள். நேற்றும் முந்தாநாளும் அதன் சத்தத்தில் என் குரல் போய்ச் சேரவில்லை.

வேளா என்னைப் பார்க்கிறது. அதன் செவுள் திறந்து மூடுகிறது. மணி பத்தரை. மெற்றில்டா என்கிறார்.

உள்ளேன்.